மூடாத அறுகோணம்

அன்று பலகையில் ஒட்டியிருந்த படத்தில் நான்கு நெடுவரிசைகளா, ஆறா என்று எனக்கு இப்போது உறுதியாக நினைவில்லை. இரட்டைப்படை என்பது மட்டும் நிச்சயம். தராசு செய்த தவறு அந்த இரட்டைப்படையில்தான் இருந்தது.

தராசு என்பது அலுவலகம் அவருக்கு வைத்த பெயர். யார் எழுதிய கணினி நிரலையும் முகம் பார்க்காமல் திருத்துவார். தற்காலிகமாக வேலை பார்த்த இருவரில் ஒருவரை நிரந்தரமாக்குவது என்று முடிவானபோது, புதிர் போட்டு மதிப்பிடும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. ஒருவன் சுருட்டை முடிக்காரன். இன்னொருத்தி அவர் மனைவியின் தங்கை. அவளுக்கு அவர் வீட்டில் அத்தான், அலுவலகத்தில் சார்.

சாய்கோடுகளையும் அடிக்கோடுகளையும் மட்டும் வைத்து, தேன்கூடு போல அறுகோண வலை வரையும் நிரல் எழுத வேண்டும். தராசு முதலில் தானே ஒன்று எழுதி, அது வரைந்த படத்தைப் பலகையில் ஒட்டினார். அதிலிருந்து ஓர் எழுத்து மாறினாலும் தவறு.

வெள்ளிக்கிழமை மதியம், எல்லோரும் சூழ்ந்து நிற்க, இருவரின் நிரலையும் ஓட்டினார். சுருட்டையின் படம் அப்படியே பொருந்தியது. மச்சினியின் படத்தில் ஒரு சாய்கோடு அதிகம்.

"சார், உங்க படத்துல வலது ஓரத்துக் கடைசி அறை மூடவே இல்லையே. தண்ணி ஊத்துனா ஒழுகிடும்," என்றாள் அவள்.

"மாதிரியில எப்படி இருக்கோ அப்படித்தாம்மா." அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மச்சினிக்கே முட்டை போட்டுட்டாரே மனுஷன்!" என்றார் மேலாளர். "வீட்டுல இன்னிக்குச் சாப்பாடு உண்டா சார்?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அந்தச் சிரிப்பு அவருக்கு இனித்தது. பிற்பாடு அவரை அதிகம் கூசவைத்தது அந்த இனிப்புதான்.

திங்கள் காலை தன் நிரலை மறுபடி பிரித்துப் பார்த்தார். ஒவ்வோர் அறையும் தன் இடப்பக்கத்தை மட்டும் வரையும். வலப்பக்கத்தைப் பக்கத்து அறை பார்த்துக்கொள்ளும். கடைசி அறைக்குப் பக்கத்து அறை ஏது? நெடுவரிசைகள் ஒற்றைப்படையானால் அந்தக் கோட்டைத் தனியாகச் சேர்த்திருந்தார். இரட்டைப்படைக்கு மறந்திருந்தார். சுருட்டை அந்த ஓட்டையையும் கவனமாகப் பார்த்து வரைந்திருக்கிறான். அவள் மட்டும்தான் அறுகோணம் வரைந்தவள்.

சுருட்டையை நிரந்தரமாக்கும் உத்தரவு மாலை நான்கு மணிக்குக் கையெழுத்தாகும். எழுந்து மேலாளர் அறைவரை போனார். இப்போது சொன்னால், வீட்டில் அழுது காரியம் சாதித்துவிட்டாள் என்பார்கள். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தராசு தப்பாக நிறுத்தது என்று தன் வாயால் சொல்ல வேண்டியிருந்ததே, அதுதான் உண்மையில் அவர் காலைக் கட்டியது.

மேலாளர் நிமிர்ந்தார். "என்ன சார்?"

சுவரிலிருந்த ஏசியை அண்ணாந்து பார்த்தார்.

"ஒண்ணுமில்ல... ஏசி கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு."

அடுத்த ஞாயிறு மச்சினி வீட்டுக்கு வந்திருந்தாள். சாப்பிடும்போது அவருக்கு விக்கியது. தம்ளரை நீட்டினாள். "தண்ணி, சார்."

"வீட்டுல என்னடி சாரு மோரு?" என்று மனைவி சிரித்தாள். மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

சுருட்டை மூன்று வருடம் இருந்துவிட்டு வேறிடம் போய்விட்டான். மேலாளர் ஓய்வு பெற்றார். மச்சினி வரைபடங்கள் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் எட்டுப் பேருக்குத் தலைவி. தராசு அதே நாற்காலியில்தான் இருக்கிறார், புதிர் வைப்பதில்லை. பல வருடம் கழித்து என்னிடம் மட்டும் இதைச் சொன்னார். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் அவரை இன்னும் சார் என்றுதான் கூப்பிடுகிறாள்.