மச்சானுக்கு ஒரு விசா

கார்த்திகா செல்போனில் அம்மா அப்பாவின் விசா விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். அம்மாவின் தகப்பனார் பெயர் என்று கேட்ட இடத்தில் வெள்ளைச்சாமி என்று அடித்தாள். அப்பாவின் பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். அவருடைய தகப்பனார் பெயரும் வெள்ளைச்சாமி. மெல்ல நிமிர்ந்து, "ஏம்ப்பா, இனிமே ஒங்கள நான் மாமான்னுதான் கூப்பிடணுமா?" என்று கேட்டாள்.

தங்கமுத்து வயிறு குலுங்கச் சிரித்தார். செவந்திக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான், கேளுங்கள். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் பிறந்தது இலங்கையில், பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். தங்கமுத்து செவந்திக்குச் சொந்த அத்தை மகன். அவருக்குப் பன்னிரண்டு வயதில், ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து லயத்து வரிசை வீடு மூடிப்போனது. அப்பன் இருளாண்டியும் ஆத்தாளும் உள்ளே. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளை மட்டும் மிச்சம். தாய்மாமன் வெள்ளைச்சாமி, அதாவது செவந்தியின் அப்பா, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ரெண்டு வருஷத்தில், ரெண்டு நாட்டு அரசாங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, தோட்டத்து ஜனங்களைக் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். குடும்ப அட்டையில் பேர் இருந்தால்தான் கப்பல். தங்கச்சி மகன் என்று சொன்னால் தனி மனு, தனி வரிசை. எப்போது முடியும் என்று சொல்வாரில்லை. வெள்ளைச்சாமி யோசிக்கவில்லை. 'மூத்த மகன்' என்று எழுதச் சொல்லிவிட்டார்.

இங்கே வந்ததும் அந்த அட்டையைப் பார்த்துக் குன்றாண்டார்கோவில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். பள்ளிச் சான்றிதழைப் பார்த்து லைசென்ஸ், லைசென்ஸைப் பார்த்து ஆதார், ஆதாரைப் பார்த்து பாஸ்போர்ட். வளர்ந்த பிறகு முறை மாப்பிள்ளைக்கு முறைப்பெண்ணைப் பிள்ளையார் கோவிலில் வைத்துக் கட்டிக்கொடுத்தார் வெள்ளைச்சாமி. ஊருக்கே தெரிந்த கல்யாணத்தை எதற்குப் பதிய வேண்டும்? யாரும் பதியவில்லை. நாற்பது வருஷம் ஓடியே போனது.

செவந்தி கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். தங்கமுத்து தனியார் பஸ் ஓட்டியவர், ஓய்வூதியம் கிடையாது. வயசானவர்கள் இலங்கையில் வந்து குடியிருக்க விசா கொடுக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து செவந்திக்குப் பதுளைக்குப் போய்விட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வங்கிக் கையிருப்பு, மாத வருமானம், போலீஸ் சான்று, மருத்துவச் சான்று எல்லாம் அவளிடம் தயார். ஆனால் அது ஒரு ஆளுக்குத்தான் காணும். இன்னொருவர் அவளோடு போக வேண்டுமென்றால் புருஷனாகத்தான் போக முடியும். அதற்குக் கல்யாணச் சான்றிதழ் வேண்டும்.

பதிவு அலுவலகத்தில் எழுத்தர் ரெண்டு ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, கூடப்பொறந்தவரையா கட்டியிருக்கீங்க?" என்று கேட்டார். தாழ்த்திய குரல் பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. ஒருத்தன் மூக்கால் சிரித்தான். தங்கமுத்து எழுந்து வெளியே போய்விட்டார்.

பஸ் நிறுத்தத்தில் செவந்தியிடம், "நீ போயிட்டு வா புள்ள. நான் இங்கிட்டே கெடக்குறேன்" என்றார்.

"பத்து வயசுல என்னையக் கப்பல்ல ஏத்துனப்ப வாரியான்னு ஒருத்தரும் கேக்கல மச்சான். இப்ப நானாக் கேட்டுப் போறேன். ஒங்கள விட்டுட்டுப் போறதுக்கா கேட்டேன்?"

அன்றே கீரனூரில் ஷர்லி என்கிற வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தார்கள். தங்கமுத்து இருளாண்டியின் மகன்தான் என்று கோர்ட்டு தீர்ப்புச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் கல்யாணத்தைப் பதிய முடியும் என்றார் அவர். பதுளையில் இன்னும் இருக்கிற இன்னாசி, தோட்டத்துப் பள்ளியில் தங்கமுத்துவோடு படித்தவர், நாலு தரம் அலைந்து பிறப்புச் சான்றிதழை வாங்கி அனுப்பினார். இருளாண்டி மகன் தங்கமுத்து, 1959 பிப்ரவரி 12. செவந்திக்குப் பாதி உயிர் வந்தது.

ஆனால் அரசுத் தரப்பு வக்கீல் அசையவில்லை. தோட்டத்தில் தங்கமுத்து என்ற பெயரில் எத்தனையோ பேர் பிறந்திருக்கலாம், இவர்தான் அவர் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார். இந்தியாவுக்கு வந்தபோது கொடுத்த குடும்ப அட்டையைக் கொண்டுவரச் சொன்னார் நீதிபதி.

அட்டை, செவந்தியின் செத்துப்போன அண்ணன் ஆண்டியப்பன் வீட்டில் இருந்தது. அதைத் தொடவே தங்கமுத்துவுக்குப் பயம். பொய்யே அதில்தானே இருக்கிறது. பொய் சொல்லி வந்தவன் என்று இந்த வயசில் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று புலம்பினார். "அனுப்பட்டுமே மச்சான். டிக்கெட்டுக் காசு மிச்சம். அங்கதானே போகப் பாக்குறோம்" என்றாள் செவந்தி. சொன்னாளே தவிர, வாங்கி வந்த அட்டையை அவளும் பிரிக்காமல் பெட்டியில் வைத்தாள்.

வாய்தா அன்று பஸ்ஸில்தான் அட்டையைப் பிரித்தாள். மஞ்சளேறிய காகிதம், மடிப்பெல்லாம் விட்டுப்போயிருந்தது. வெள்ளைச்சாமி, மனைவி, பிள்ளைகள். மற்றவர்களானால் பெயரைத்தான் படித்திருப்பார்கள். செவந்தி முப்பத்துமூன்று வருஷம் கர்ப்பிணிகளுக்குப் பதிவேடு எழுதியவள். அவள் கண் நேரே பிறந்த தேதிக்குத்தான் போனது. ஒரு தரம் பார்த்தாள். விரலை மடக்கி எண்ணினாள். மறுபடி பார்த்தாள். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். தங்கமுத்து என்னவென்று கேட்டதற்குக் கோர்ட்டில் சொல்கிறேன் என்று அட்டையை மடித்து வைத்துக்கொண்டாள்.

செவந்தி கூண்டில் ஏறியதும் அரசு வக்கீல் அட்டையை நீட்டி, இதில் மூத்த மகன் என்று இருக்கிறதே, அப்படியானால் உங்கள் தகப்பனார் அரசாங்கத்திடம் பொய் சொன்னாரா என்று கேட்டார். தங்கமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆமாங்க, பொய்தான் சொன்னாரு" என்றாள் செவந்தி. "ஆனா எங்கப்பாவுக்கு முழுப் பொய் சொல்ல வராதுங்க. அப்பன் பேர மாத்திச் சொன்னவரு, தேதிய மாத்தல. அய்யா, மொதப் பிள்ளை தங்கமுத்து, அம்பத்தொம்போது பிப்ரவரி பன்னெண்டு. ரெண்டாம் பிள்ளை எங்கண்ணன் ஆண்டியப்பன், அதே வருசம் ஜூன் மூணு. நான் நர்சுங்க. எத்தனையோ பிரசவம் பாத்திருக்கேன். நாலு மாசத்துக்குள்ள ரெண்டு தடவை பெத்த தாய எங்கயும் பாக்கல. இந்த ரெண்டுல எங்காத்தா பெத்தது ஆண்டியப்பன மட்டும்தான். மத்தது எங்கத்தை பெத்தது. பதுளைக் காயிதத்துலயும் அதே பிப்ரவரி பன்னெண்டுதான் இருக்கு, பாருங்க."

நீதிபதி ரெண்டு காகிதத்தையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மேசைக்கு அடியில் விரல் விட்டு எண்ணினார் என்று ஷர்லி பிற்பாடு சொன்னார். அரசு வக்கீலிடம் வேறு கேள்வி உண்டா என்று கேட்டார். அவர் இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். உட்காரும்போது அவருக்கும் உதட்டில் சிரிப்பு.

அடுத்த மாதம் தீர்ப்பு வந்தது. அதை வைத்துப் பாஸ்போர்ட்டையும் ஆதாரையும் திருத்தினார்கள். பிறகு அதே பதிவு அலுவலகம், அதே எழுத்தர். "மணமகன், இருளாண்டி மகன் தங்கமுத்து" என்று அவர் வாசித்தபோது தங்கமுத்து சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார், பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற பிள்ளை மாதிரி. கார்த்திகா சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். அறுபதைத் தாண்டின மணமக்களுக்குப் பெஞ்சில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

கொழும்பில் குடிவரவு அலுவலகத்தில் விசா முத்திரை குத்திய பாஸ்போர்ட்டுகளைக் கொடுத்தார்கள். தங்கமுத்து தன்னுடையதை மூக்குக்கண்ணாடிக்கு அருகில் பிடித்துக்கொண்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

"செவந்தியோட புருஷன், அவள நம்பி இருக்கவருன்னு எழுதியிருக்கு" என்றாள்.

"அப்ப சரிதான்" என்றார் அவர். "திருத்த வேண்டாம்."

மறுநாள் விடியலில் பதுளை ரயில் ஏறினார்கள். ஹட்டன் தாண்டியதும் குளிர் உள்ளே வந்தது. எதிரே இருந்த சிங்களப் பெண்மணி தமிழில், ஊர் சுற்றிப் பார்க்கவா வந்தீர்கள் என்று விசாரித்தாள்.

"இல்லம்மா, குடியிருக்க வந்திருக்கோம்" என்றாள் செவந்தி. ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.