கறுப்பு அட்டை கட்டியவள்

சிற்பி களிமண் சிலையை மூடியிருந்த ஈரத்துணியை விலக்கியதும் அப்பா விசும்பிவிட்டார். அம்மாவோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போர்முனை ஆஸ்பத்திரியில் குண்டு விழுந்து செத்த ராணுவ நர்ஸ், அவர்கள் மகள். உயிரோடு இருந்தவரை ஏனென்று கேட்காத ஊர், இப்போது குழு போட்டுச் சிலை வைக்கிறது. களிமண்ணில் மகள் தரையில் உட்கார்ந்து, அடிபட்ட சிப்பாய் ஒருவனின் தலையை மடியில் தாங்கியிருந்தாள். அந்தச் சிப்பாயின் முகம் அவள் தம்பியுடையது. அதே போரில் அவளுக்கு முன்னால் செத்தவன்.

"சிப்பாய்க்கு யார் முகமாவது வேணும்னு கேட்டேன். ஐயா உங்க பையன் போட்டோவைக் கொடுத்தார்" என்றார் சிற்பி. "நாளைக்கு வெண்கலம் வார்க்க அச்சு எடுக்கிறோம்மா. மாத்தறதா இருந்தா இன்னிக்கே சொல்லிடுங்க." தண்ணீர் பிடித்துவர வாளியோடு வெளியே போனார்.

மடியாம், மடி! அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசி லீவில் வந்தபோது மகள் சமையலறையில் நின்று சொன்னது அவளுக்கு மட்டும்தான் தெரியும். லாரியில் காயம்பட்டவர்கள் வந்து இறங்கும்போது வாசலிலேயே கையில் அட்டை கட்டுவது நர்ஸின் வேலை. சிவப்பு என்றால் உடனே உள்ளே. கறுப்பு என்றால் பிழைக்கமாட்டான், ஓரமாகக் கிடத்து. தம்பிக்கு அவள் கறுப்பு கட்டினாள்.

"ஒரே ஒரு ஆபரேஷன் மேஜைதாம்மா காலியா இருந்துச்சு. பக்கத்துல கிடந்தவன் பிழைப்பான்னு தெரிஞ்சுது. இவன் பிழைக்க மாட்டான்" என்றாள். பக்கத்தில் கிடந்தவன் பிழைத்தும்விட்டான்.

"கூடப் பிறந்தவனுக்கே கட்டினியேடி, பாவி!" என்றதுதான் அம்மா மகளிடம் பேசிய கடைசிப் பேச்சு. பிறகு மகளின் போன் வந்தால் அம்மா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள். புருஷனுக்கு இதயம் பலவீனம், தாங்கமாட்டார் என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். ஆனால் சிலையில் இருக்கும் இந்தப் பொய்யை ஊரே நின்று கைதட்டிப் பார்ப்பதா? அவளால் முடியவில்லை.

"ஏங்க, அந்த முகத்தை மாத்தச் சொல்லுங்க."

"ஏன்?"

"அவ அவனைத் தொட்டுக்கூடத் தூக்கலைங்க. கறுப்பு அட்டையைக் கட்டி ஓரமா போட்டுட்டுப் போயிட்டா." சொல்லிவிட்டு, அவர் மார்பைப் பிடித்துக்கொள்வாரோ என்று பயந்து அவர் தோளைப் பற்றினாள்.

அவர் சிலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்."

"உங்களுக்கா? யார் சொன்னது?"

"அவதான். நீ கொல்லைப்பக்கம் போனப்புறம் போனை நான்தானே எடுப்பேன்? அம்மா பேசமாட்டேங்கிறாங்களேப்பான்னு அழுவா."

அம்மா பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"அம்மாவா பேசற வரைக்கும் சொல்லாதீங்கப்பான்னு சத்தியம் வாங்கிட்டா."

"எல்லாம் தெரிஞ்சுமா அவன் போட்டோவைக் கொடுத்தீங்க?"

"தெரிஞ்சதாலதான். அன்னிக்கு அவன் பக்கத்துல உட்கார அவளுக்கு நேரம் கிடைக்கலை. இங்கேயாவது உட்காரட்டுமே."

சிற்பி வாளியோடு திரும்பி வந்தார். "என்னம்மா, ஏதாவது மாத்தணுமா?"

அவள் மகளின் களிமண் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்ச நேரம் நீங்க ரெண்டு பேரும் வெளியில இருங்க" என்றாள். "நான் அவகிட்டப் பேசணும்."