ஏழாம் தட்டுக் கதவு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. பக்கத்து வளவுக் குணலட்சுமி அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னது. நான் இந்தப் பக்கம் நின்று கேட்டது. கேட்க ஒரு மணித்தியாலம் போதுமாயிருந்தது. எழுதத் தொடங்கி ஐந்து மாதமாகிறது. இன்னும் ஆறு பக்கம் தாண்டவில்லை.

முதல் தொடக்கம்: 'சண்டிலிப்பாயின் பொன்னந்தி மாலையில்...' அடித்துவிட்டேன். நடந்தது காலையில்.

இரண்டாவது: 'மனிதன் ஏன் கோபுரம் கட்டுகிறான்?' எனக்கெப்படித் தெரியும்? அடித்துவிட்டேன்.

மூன்றாவது இதுதான். இதையும் அடித்தால் வீட்டில் காகிதம் இல்லை: 1969 மாசி மாதம், அக்காவின் கணவர் சிவசுப்பிரமணியம் அண்ணை கிணற்றுத் துலாவிலிருந்து விழுந்து இரண்டு கைகளையும் முறித்துக்கொண்டார்.

(பட்டணத்து வாசகருக்கு: துலா என்பது கிணற்றின் மேலே கிடக்கும் நீண்ட மரம். ஒருவர் அதன்மேல் முன்னும் பின்னும் நடந்தால்தான் கீழே நிற்பவருக்குத் தண்ணீர் ஏறும். விளக்கம் சொல்லிக் கதையை நிறுத்திவிட்டேன். தெரிகிறது. வேறு என்ன செய்ய?)

2

பரியாரியார் மூங்கில் பட்டை வைத்து இரண்டு கைகளையும் முழங்கைக்கு மேல்வரை கட்டிவிட்டார். இரண்டு மாதம் அசைக்கக்கூடாது. அண்ணை சாய்மனைக் கதிரையில் கிடந்தார். அசைந்தது வாய் மட்டும்தான். வீட்டில் வேறு யாருமில்லை. அக்கா ஆள் பிடித்துப் புகையிலைக்கு இறைத்து, ஓடிவந்து அவர் வாயில் சோறு தீத்தி, முதுகு சொறிந்துவிட்டு, திரும்பத் தோட்டத்துக்கு ஓடினார். ஓடும்போதும் பின்னால் சத்தம் துரத்தியது. எந்த வரம்பை எப்படி வெட்டவேண்டும் என்று.

அண்ணையின் தம்பி தேவராசா கப்பலில் வேலை செய்தவர். மூன்று மாதமேயான தன் மகள் வளர்ந்ததும் கொடுக்கவென்று ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கிய பெட்டியை, தன் வீட்டுக் கூரை ஒழுகுகிறதென்று இவர்கள் வீட்டில் வைத்திருந்தார். அக்கா பொறுமையிழந்து அதை உடைத்தார். உள்ளே பிளாஸ்ரிக் கட்டிகள். மேலே மொட்டுகள், அடியில் குழிகள். ஒன்றின்மேல் ஒன்றை அழுத்தினால் பிடித்துக்கொள்ளும்.

"இந்தாங்கோ. இதைப் பாத்துக்கொண்டெண்டாலும் வாயை மூடிக்கொண்டு இருங்கோ."

"கையில்லாதவனுக்கு உது என்னத்துக்கு?" என்றார் அண்ணை. பிறகு, "நீ வை. நான் சொல்லுறன்."

[இந்த இடத்தில் 'அவள் கண்கள் கலங்கின' என்று எழுதியிருந்தேன். வாசித்த அக்கா தாளைத் தட்டினார். "தம்பி, நான் எங்கை அழுதனான்? எனக்கு விசர்தான் வந்தது. அதை எழுதும்." அந்தக் கோபத்தை எழுதிவிட்டேன்.]

3

அண்ணை மனதுக்குள் பன்னிரண்டு தட்டுக் கோபுரம் ஒன்றைக் கட்டி முடித்திருந்தார். கோயில் கோபுரமல்ல. வெளிச்சவீடுமல்ல. (இரண்டாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் உடனே தத்துவம் பேசத் தொடங்கின.) உச்சியில் அயலவர் இல்லாத ஓர் அரசன். ஒன்பதாம் தட்டில் எந்நேரமும் மழை. அது எட்டாம் தட்டுத் தோட்டத்துக்கு இறங்கும். ஆகவே அந்த நாட்டில் இறைப்பே இல்லை. ஐந்தாம் தட்டில் காற்றை அடைத்துவைக்க ஓர் அறை.

"சிவப்பு. எட்டு மொட்டு. அதில்லை, மற்றது. மூலையிலை வை. மூலை எண்டால் என்னெண்டு தெரியாதோ?"

சேறு காயாத காலோடு நின்று அக்கா வைத்தார். "சமைக்கிற குசினி எந்தத் தட்டிலை?"

"அரசனுக்கு என்னத்துக்குக் குசினி?"

"அப்ப அந்த அரசனுக்குச் சோறு ஆர் தீத்துறது?"

அண்ணை வெள்ளைக் கட்டி கேட்டார்.

ஏழாம் தட்டில் அக்கா கேளாமலே ஒரு சின்னக் கதவை வைத்தார். வெளிச்சுவரில். அதற்குப் படியில்லை, முகப்பில்லை. திறந்தால் வெறும் வெளி.

"உதாலை ஆர் போறது?"

"நான்."

"விழுந்திடுவாய்."

"விழுந்தது நானில்லை."

"எடு உதை!"

அக்கா எடுக்கவில்லை.

4

எனக்கு இந்த மனிதரைப் பிடிக்கவில்லை. கதை எழுதுகிறவன் அப்படிச் சொல்லக்கூடாது. ஆனால் ஐந்து மாதம் ஒருவரோடு மாரடித்தால் சொல்லத்தான் வரும். அவருக்காக நல்ல வசனம் ஒன்று எழுதினேன்: 'குணம், நீ இல்லாவிட்டால் நான்...' அவர் வாயில் அது நிற்கவேயில்லை. எழுதிய கையோடு அடித்துவிட்டேன்.

கதவு வைத்த பிறகு இரண்டு நாள் அவர்கள் வீட்டில் கதை பேச்சில்லை. சோறு வந்தது, வாய்க்குள் போனது.

5

மூன்றாம் நாள் காலை. அக்கா சொன்னபடி:

அக்கா தோட்டத்தாலே வந்தபோது கோபுரம் தரையில் சிதறிக் கிடந்தது. கதவைப் பிடுங்கப் போய், கட்டுப்போட்ட கையால் அண்ணை தட்டி விழுத்திவிட்டார். இப்போது முழங்காலில் நின்று, ஒரு கட்டியைப் பல்லால் கவ்வி மேசையில் வைக்க முயன்றுகொண்டிருந்தார். அது விழுந்தது. திரும்பக் கவ்வினார். தலையை நிமிர்த்தவேயில்லை.

"அந்தக் கதவை எங்கை வைச்சனீ? திரும்ப வைப்பம்."

பதினெட்டு வருடக் கல்யாணத்தில், அவர் வாயிலிருந்து கட்டளையோ குற்றமோ இல்லாமல் வந்த முதல் கேள்வி அது என்றார் அக்கா. பக்கத்தில் குந்தினார். இருவருமாகத் திரும்பக் கட்டினார்கள். கதவு இருந்தது. குசினியும் வந்தது. பிறகு கைகள் கூடின, இடது கை சற்றுக் கோணலாக. தேவராசா வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போனார்.

'அவள் அவரை மன்னித்தாள்' என்று முடித்தேன்.

"மன்னிக்கேல்லை. களைச்சுப்போய் இருந்தனான், இருந்திட்டன்."

சரி, அதையும் அடித்துவிட்டேன்.

6

போன கிழமை இருவரையும் இருத்தி வாசித்துக் காட்டினேன். கோபுரம் விழுந்த இடம் வந்ததும் அண்ணை தலையாட்டினார். "ஓம், நான்தான் விழுத்தினனான்." அக்கா எழுந்து தேத்தண்ணி போடப் போனார். அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் வேலியோர ஒழுங்கையில், தோளில் மண்வெட்டியோடு அண்ணை மறித்தார்.

"தம்பி, அஞ்சாம் பகுதி பிழை."

"நேற்று நீங்கள்தானே அண்ணை ஓமெண்டு—"

"விழுத்தினது அவள். தோட்டத்தாலை வரேல்லை. அறைக்குள்ளை இருந்து வந்தவள். கையிலை உடுப்புப் பை. நெல்லியடியிலை தமக்கை வீட்டை போகத்தான். அந்தப் பை தட்டுப்பட்டுத்தான் விழுந்தது."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"கையில்லாதவன் என்னெண்டு மறிக்கிறது? குனிஞ்சு பொறுக்கத் தொடங்கினன். பையைக் கண்டதாக் காட்டினனெண்டால் ஏதும் கேக்கவேணும். கேட்டால் போயிடுவாள்." மண்வெட்டியை மற்றத் தோளுக்கு மாற்றினார். "நிமிரேக்கை பையைக் காணேல்லை, அவள் பக்கத்திலை இருந்தாள். நான் ஒண்டும் காணேல்லை எண்டுதான் இண்டைக்கும் நினைச்சுக்கொண்டிருக்கிறாள். அப்பிடியே இருக்கட்டும். நீர் பிழையாவே எழுதும்."

போய்விட்டார். நான் ஒழுங்கையில் நின்றேன். ஐந்து மாதம் எனக்குப் பிடிக்காமலிருந்த மனிதர்.

வாசகரே, இப்போது என்ன செய்வது? ஆறாம் பகுதியை வெட்டினால், அவர் உலகத்துக்கு ஒரு முரடர். வெட்டாவிட்டால், அவர் மூன்று வருடமாகக் காணாத பையை நான் நடு முற்றத்தில் வைத்தவனாவேன். நீங்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால் நான் வெட்டவில்லை. அக்காவும் இந்தச் சஞ்சிகை வாங்குகிறவர். வாசித்து முடித்து, தாளை மடித்து, அண்ணை இருக்கும் பக்கம் திரும்பி அவர் என்ன சொல்வார்? அல்லது, சொல்லாமலே விடுவாரா? எழுதிப் பார்த்தேன், நான்கு தரம். இனி உங்கள் பாடு. நான் நாளைக்கே மயிலிட்டிக்கு, மச்சான் வீட்டுக்குப் போகிறேன்.