ஹார்லன் மறைத்த மீன் துறை

மின்னசோட்டாவின் அந்த ஏரிக்கரைப் பூங்காவில் முகாம் போடுகிறவர்கள் சம்பளத்தைக்கூடச் சொல்வார்கள், மீன் கடிக்கிற இடத்தைச் சொல்ல மாட்டார்கள். ஆர்டிஸின் கணவர் ஹார்லன் இன்னும் ஒரு படி மேல். கட்டின பெண்டாட்டியிடமே வடக்குக் குடா என்றுதான் சொல்லிவந்தார்.

மதியம் சாப்பிட வந்துவிடுகிறேன் என்று தூண்டிலோடு நடந்து போனவர், வெயில் சாய்ந்தும் கூடாரத்துக்குத் திரும்பவில்லை. போன வசந்தத்தில்தான் அவர் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ஆர்டிஸ் பூங்காக் காவலரிடம் ஓடினாள். அவர் படகில் போய் வடக்குக் குடாவைச் சல்லடையாகச் சலித்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

அடுத்த கூடாரம் மார்லிஸுடையது. எல்லாரும் ஏரியைப் பார்த்து நாற்காலி போட்டால், அந்த அம்மாள் மனிதர்களைப் பார்த்துப் போடுவாள். அவள் கண்ணுக்குப் பயந்தே ஆர்டிஸ் வருஷாவருஷம் அந்தப் பக்கம் தார்ப்பாய் கட்டுவாள். இப்போது மார்லிஸ் கூப்பிடாமலே வந்து நின்றாள்.

"உன் வீட்டுக்காரர் சொன்னா நம்பிடுவியா? வடக்குக் குடா பூரா மணல். அவர் பூட்ஸ்ல தினம் கறுப்புச் சேறுல்ல ஒட்டியிருக்கு. தேவதாரு சதுப்புக்கு அந்தாண்டதான் அந்தச் சேறு."

"அவர் பூட்ஸை நீ ஏன் பாக்கறே?" பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள் ஆர்டிஸ்.

"வாசல்ல கழட்டி வச்சா பாக்கத்தான் செய்வாங்க. நட, நட."

காவலரோடு மூவருமாகச் சதுப்பைச் சுற்றிப் போனார்கள். நாணல் மறைவில், கணுக்கால் வீங்கி, உதடு வெளுத்து உட்கார்ந்திருந்தார் ஹார்லன். கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. ஆனால் கால் பிசகி விழுந்த கொஞ்ச நேரத்தில், மதியமே ஒரு படகு பக்கத்தில் வந்ததாம். இடம் தெரிந்துவிடுமே என்று தூண்டிலைப் புல்லுக்குள் தள்ளி, மூச்சுகூட விடாமல் குனிந்துகொண்டாராம் மகராசன். அதைக் கேட்டு ஆர்டிஸுக்கு அழுகையும் வந்தது, அவரை ஏரியில் தள்ளிவிடலாமா என்றும் வந்தது. அவர் கையை மட்டும் விடவில்லை.

இதயத்துக்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அடுத்த நாள் சாயங்காலம், கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு நெருப்பருகே இருந்த ஹார்லன், மார்லிஸை வரச் சொன்னார். வெகுநேரம் வானிலையைப் பற்றியே பேசினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கால் ஆறுற வரைக்கும் அந்த இடம் சும்மாதானே கெடக்கும். நீங்க போய்த் தூண்டில் போடுங்க. விழுந்து கெடக்கற மரத்துக்கு இடது பக்கம். சாயங்காலம் நல்லாக் கடிக்கும்."

கல்யாணத்தன்றுகூட அவர் வாயிலிருந்து இவ்வளவு பெரிய வார்த்தை வந்ததில்லை என்பது ஆர்டிஸுக்குத் தெரியும்.

ஆர்டிஸ் வறுத்த மீனில் பெரிய துண்டாக எடுத்து நீட்டினாள். இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாவதில் வாங்குவதுதான் அந்த ஊர் மரியாதை; மார்லிஸ் வேண்டாம் என்றாள். மறுபடி நீட்டியதற்கும், ஐயோ வேண்டவே வேண்டாம் என்றாள். மூன்றாம் தடவை ஆர்டிஸ் கேட்கவே இல்லை. மார்லிஸின் தட்டைப் பிடுங்கித் துண்டை வைத்துவிட்டு, அவள் பக்கத்திலேயே ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.