திங்கட்கிழமைப் பட்டியல்

யார் சாகப்போகிறார்கள் என்று கண்டுபிடிப்பது என் வேலை. இப்படிச் சொன்னால் அம்மாவுக்குப் பிடிக்காது. ஏதோ கம்ப்யூட்டர் வேலை என்று அக்கம்பக்கத்தில் மழுப்பி வைத்திருந்தாள். ஆனால் உள்ளதைச் சொல்வதென்றால் அதுதான் வேலை.

உத்திரமேரூரில் இருக்கும் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரி அது. சுற்றிலும் நாற்பது கிராமங்களில் முகாம் போட்டு, வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், பீடி உண்டா, மாத்திரை வாங்கிப்போனாரா என்று பதினோராயிரம் பேரின் விவரத்தைச் சேர்த்து வைத்திருந்தார்கள். சேர்த்ததோடு சரி, யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அதையெல்லாம் ஒழுங்குபடுத்தி ஒரு கம்ப்யூட்டர் நிரல் எழுதினேன். ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும், மிகுந்த ஆபத்தில் இருக்கும் பத்துப் பேரை அது பொறுக்கித் தரும். ஒன்பதரைக்குள் நான் பட்டியலை அனுப்பிவிட வேண்டும். செவ்வாயிலிருந்து வெள்ளிக்குள் ஆஸ்பத்திரி வண்டி அவர்கள் வீட்டுக்கே போகும். நர்ஸ் வளர்மதி இசிஜி எடுப்பாள், ரத்தம் எடுப்பாள், நிலைமை மோசமென்றால் கையோடு அழைத்து வந்துவிடுவாள். ஏற்பாடு அவ்வளவுதான்.

மூன்று மாதத்தில் நூற்றிருபது பேர் பட்டியலில் வந்தார்கள். முப்பத்தொரு பேர் இறந்துபோனார்கள். எங்கள் நிர்வாகி மோகன்குமாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இவ்வளவு துல்லியமாகச் சொல்கிற நிரல் மாவட்டத்திலேயே கிடையாது என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். செத்துப்போனதற்கு இவ்வளவு சிரிப்பா என்று அவரிடம் எரிந்து விழுந்தேன். ஆனாலும் அன்று சாயங்காலம் பெருமையாகத்தான் ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போனேன். அதை இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்கு வெறுப்பு வருகிறது.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. நூற்றிருபது வீட்டுக்கும் நேராக "சந்திப்பு முடிந்தது" என்று பதிவாகியிருந்தது. இசிஜியோ இருபத்திரண்டுதான் இருந்தது. மீதிப் பேர் வீட்டில் அந்த நர்ஸ் என்ன செய்தாள், காபி குடித்துவிட்டு வந்தாளா? வளர்மதியைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. நாளைக்கு நீங்களே வண்டியில் ஏறி வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் போனேன். ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். பகல் பதினோரு மணி. வண்டி தெருவுக்குள் திரும்பியதும் எங்கோ ஓடிக்கொண்டிருந்த டிவி நின்றது. அடுத்து இன்னொன்று நின்றது. ஒரு கோழி குறுக்கே ஓடியது, அதைத் தவிர தெருவில் உயிர் நடமாட்டமே இல்லை. இரண்டு பக்கமும் ஒவ்வொரு வாசலிலும் பச்சை வேப்பிலைக் கொத்து தொங்கியது. அப்போதுதான் ஒடித்தது போலிருந்தது, காம்பில் ஈரம் காயவில்லை.

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். கட்டிவிட்டால் வெளியாள் அந்தப் படியைத் தாண்டக் கூடாது. அது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு தெரு முழுக்க எப்படி? அந்த ஊரில் இந்த வருஷம் ஒருவருக்குக்கூட அம்மை பதிவாகவில்லை.

பட்டியலில் இருந்தவர் முத்துவேல், ஐம்பத்தெட்டு வயது, சொந்த நிலத்தில் நெல் போடுகிறவர். அவர் வீட்டுக்கு முன்னால் வண்டி நின்றது. வளர்மதி இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலுக்கு நாலடி தள்ளி நின்று கும்பிட்டாள். பிறகு போனை எடுத்து "சந்திப்பு முடிந்தது" என்பதை அழுத்தினாள். எனக்குத் தலைக்கேறியது. உள்ளே போகாமல் என்ன சந்திப்பு என்று கேட்டேன்.

"வேப்பில கட்டிகீது மேடம். நான் எப்டித் தாண்டுவேன்? என் புள்ளைங்க நல்லா இருக்க வேணாவா?"

அப்படியென்றால் வீடு பூட்டியிருந்தது என்று போட வேண்டியதுதானே என்றேன். போனில் இருப்பது அந்த இரண்டு பொத்தான்தான், அவற்றை வைத்தவளே நான்தான். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். ஆத்தா உள்ளே இருக்கும்போது பூட்டின வீடு என்று பொய் எழுதினால் கை விளங்குமா என்று கேட்டாள். அவளைப் பொறுத்தவரை அவள் எழுதியதுதான் சரி. வாசல்வரை வந்தாள், கும்பிட்டாள், சந்திப்பு முடிந்தது.

நான் வேப்பிலையைப் பார்த்துப் பயப்படுகிறவள் இல்லை. படியேறிக் கதவைத் தட்டினேன். கதவு திறக்கவில்லை. ஆனால் கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சுவிடுவது கேட்டது. இரண்டு மூச்சுக்கு ஒருமுறை நின்று, தண்ணீர் கோத்த நெஞ்சிலிருந்து வருகிற மூச்சு. ஜன்னல் ஒரு விரல்கடை திறந்தது. வீங்கிப்போன முகத்தில் பாதி தெரிந்தது.

"யம்மா, உனுக்குக் கோடி புண்ணியம். வண்டிய எடுத்துக்கினு போயிடு. எங்க வூட்டாண்ட நிறுத்தாத" என்றார் முத்துவேல். கெஞ்சினார். அந்த வயதுக்காரர் ஒருவரும் என்னிடம் அப்படிக் கெஞ்சியதில்லை.

வண்டியில் ஏறிய பிறகுதான் வளர்மதி விஷயத்தைச் சொன்னாள். வண்டி நின்ற வீட்டில் ஒரு வாரம் தாங்காது என்று நாற்பது ஊரிலும் பேச்சாம். முதல் மாதம் நாலைந்து வீட்டில் அப்படி நடந்துவிட்டது. முற்றிய நோயாளிகளிடம்தானே வண்டி போகும், நடக்கத்தான் செய்யும். ஆனால் ஊர் அதை அப்படிப் பார்க்கவில்லை. எவரோ ஒருவர் வேப்பிலை கட்டினார், நர்ஸ் திரும்பிப் போனாள். அந்தத் தந்திரம் பலிக்கிறது என்று தெரிந்ததும் மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். வண்டி யார் வீட்டுக்கு என்று தெரியாததால் இப்போது தெருவே கட்டுகிறது.

திரும்பும் வழியில் ஊர்க்கோடியில் மாட்டு மந்தை குறுக்கே வந்தது. இரண்டு நிமிஷம் நின்றிருப்போம். நின்ற இடத்துக்கு எதிர் வீட்டில் மட்டும் வேப்பிலை இல்லை. முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி குடத்தை இடுப்பில் வைத்தபடி வாசலில் நின்றாள். வண்டியைப் பார்த்ததும் குடத்தைக் கீழே இறக்கி வைத்துவிட்டு இரண்டு கைகளையும் எங்களைப் பார்த்து ஆட்டினாள். இங்கே இல்லை, இங்கே இல்லை என்பது போல. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் செய்தேன்.

வியாழக்கிழமை அந்தப் பெண் இறந்துபோனாள். பெயர் பவளம். தலைவலி என்று படுத்தாளாம், எழுந்திருக்கவில்லையாம். என் பதினோராயிரம் பேரில் அவள் பெயரே கிடையாது. சனிக்கிழமை முத்துவேல் போய்ச் சேர்ந்தார்.

முத்துவேல் விஷயம் எனக்குப் புரிந்தது. காப்பாற்றக்கூடியவர்களைப் பொறுக்கி எடுத்து, அவர்கள் வீட்டுக் கதவை நானே சாத்தியிருக்கிறேன். கதவு சாத்தியதால் செத்தார்கள், செத்ததால் நிரல் சரியானது, சரியானதால் ஊர் இன்னும் பயந்தது. மோகன்குமாரிடம் போய்ச் சண்டை போட்டேன். அடுத்த வாரம் சென்னையிலிருந்து அறக்கட்டளை ஆட்கள் வருகிறார்கள், அது முடியட்டும், பிறகு வண்டிக்கு வேறு பெயிண்ட் அடித்துவிடலாம் என்றார்.

பவளம் விஷயம் மட்டும் எனக்கு இன்றுவரை புரியவில்லை. தற்செயல் என்று எனக்கு நானே பத்து முறை சொல்லிக்கொண்டேன். பத்தாவது முறையும் அந்தக் கைகள் ஆடுவது கண்ணில் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை பட்டியல் வந்தது. ஏழாவது பெயர் காதர், வயது அறுபத்தொன்று, கயிறு தார்ப்பாய்க் கடை, பஸ் ஸ்டாண்டு பக்கம், உத்திரமேரூர். என் அத்தா, என்னைப் பெற்றவர்.

கடைத்தெருவில் முகாம் போட்டபோது நான்தான் கட்டாயப்படுத்தி உட்காரவைத்து அவர் பெயரைப் பதிந்தேன். சர்க்கரை முன்னூறுக்கு மேல் இருந்தது, இசிஜியில் சின்ன மாறுதல் இருந்தது. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாக மாத்திரையே வாங்கவில்லை என்று இப்போது என் திரை சொன்னது. மகளுக்குத் தெரியாதது நிரலுக்குத் தெரிந்திருந்தது.

ஒன்பது இருபத்தைந்து ஆகிவிட்டது. எங்கள் தெருவில் அந்த வண்டி வந்து திரும்புவதை நினைத்துப் பார்த்தேன். எங்கள் வாசலில் அது நிற்பதை நினைக்கவே முடியவில்லை. படித்தவள், நிரலை எழுதியவள், வேப்பிலையைத் தாண்டிக் கதவைத் தட்டியவள் நான். வண்டி எதற்கு, அத்தாவை நானே ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன், வேலை ஒன்றுதானே என்று நியாயம் சொல்லிக்கொண்டேன். அத்தாவின் வரியை அழித்தேன். பதினோராவது பெயர் மேலே ஏறிப் பட்டியல் நிறைந்தது. அது யார் பெயர் என்று நான் படிக்கவில்லை. அனுப்பிவிட்டேன்.

நேராகக் கடைக்குப் போனேன். அத்தா ஒரு ஆளுக்குத் தார்ப்பாய் அளந்து வெட்டிக்கொண்டிருந்தார். வேலை நேரத்தில் என்னைப் பார்த்ததும் கத்தரிக்கோல் அப்படியே நின்றது. வந்த ஆள் போகும்வரை காத்திருந்தார். கிராமத்து ஆட்கள் வந்துபோகிற கடை, பேச்சு அவர் காதுக்கு எப்போதோ வந்திருக்கிறது.

"லிஸ்ட்ல என் பேரு வந்துகீதா?" என்று கேட்டார்.

"இல்லத்தா."

அவர் முகம் தெளிந்ததை என்னால் மறக்க முடியாது. தோள் இறங்கியது. ஸ்டூலில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சும்மா ஒரு இசிஜி எடுத்துவிட்டு வந்துவிடலாம், பத்து நிமிஷம், வாருங்கள் என்றேன். கெஞ்சினேன், கோபப்பட்டேன், மாத்திரை வாங்காததைச் சொல்லிச் சத்தம் போட்டேன். அவர் சிரித்தார்.

"உன் மிஷினே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்ச்சு. அப்புறம் இன்னாத்துக்கும்மா ஆஸ்பத்திரி? வெள்ளிக்கெழம ஜும்மா முடிச்சிட்டு வரேன்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். உங்கள் பெயர் ஏழாவதாக இருந்தது, நான்தான் எடுத்துவிட்டேன் என்று ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் அந்தப் பயத்திலேயே விழுந்துவிடுவாரோ என்று பயந்தேன். பவளத்தை நினைத்துப் பயந்தேன். வெள்ளிக்கிழமை கண்டிப்பாக வர வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு ஆபீசுக்குத் திரும்பினேன்.

புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கயிற்றுக் கட்டைத் தூக்கக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போதே முடிந்துவிட்டது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு நாள் முன்னால் இசிஜி எடுத்திருந்தாலும் தெரிந்திருக்கும், காப்பாற்றியிருக்கலாம் என்றார். ஒரு நாள் முன்னால் செவ்வாய்க்கிழமை. உள்ளூர் பெயர்களுக்கு வண்டி செவ்வாய்க்கிழமைதான் போகும். எங்கள் வீட்டு வாசலில் வேப்பிலை இருந்திருக்காது. கதவைத் திறக்க நான் இருந்திருப்பேன். நாற்பது ஊரும் கதவைச் சாத்திக்கொண்டபோதும் வண்டிக்குத் திறந்திருக்கக்கூடிய வீடு எங்கள் வீடு.

வியாழன் காலை அத்தாவை அடக்கம் செய்துவிட்டு ஆண்கள் திரும்பினார்கள். வீட்டுக்குள் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். அழுகை ஓய்ந்துவிட்டது. வருகிற ஒவ்வொருத்தி கையையும் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டாள். சபூர் செய் சைனம்பு, பொறுமையாக இரு என்று மட்டும் எல்லோரும் சொன்னார்கள். வளர்மதி வந்தாள். சீருடையில் இருந்தாள், வண்டியை மூன்று தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தாள். அவள் கையையும் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"எங்க வூட்டுக்குத்தான் வண்டியே வரலியேம்மா. நீ சொல்லு, வண்டி வராம எப்டிப் போனாரு?"

வளர்மதி என்னைப் பார்த்தாள். பட்டியல் என் கையால்தான் போகிறது என்று அவளுக்குத் தெரியும். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முக்காட்டை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டேன். அம்மா இப்போது என் பக்கம் திரும்பி, அதே கேள்வியை என்னிடம் கேட்டாள்.