முந்நூறு நண்டுகள் போட்ட ஓட்டு

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய்யென்றால் என் நாக்கு உப்பில் ஊறட்டும்.

இரண்டாயிரத்து இருபத்தொன்று, ஜனவரி மூன்றாம் வாரம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தோடு கணக்குத் தீர்த்து வெளியேவந்து சில நாள்தான் ஆகியிருந்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் போல்கெவன் ஊர் மண்டபத்தில் பொதுக்கூட்டம். மீன் ஒப்பந்தத்தை மறுபடி பேசச் சொல்லி லண்டனுக்குத் தீர்மானம் அனுப்ப வேண்டும். பிரெஞ்சுப் படகுகளை நம் கடலுக்குள் விட்டு, நம் சரக்குக்கு அவர்கள் சந்தையில் வழி கேட்பதா? ஓர் அலையைக்கூடத் தரமாட்டோம் என்று முறுக்கிக்கொள்வதா?

டென்சில் பாஸ்கோ முறுக்குகிற கட்சி. ஆனால் நாற்காலியில் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலில் பெட்டிகளுக்குள், ஈரச் சாக்குக்கடியில் அவனுடைய முந்நூறு நண்டுகள் உயிரோடு கிடந்தன. பிரான்ஸ் போகும் லாரி நான்கு மணிக்குக் கிளம்பிவிடும். தவறினால் அங்கிருக்கும் வியாபாரி வேறு ஆளைப் பார்த்துக்கொள்வான். வெளியேறியதிலிருந்து கால்நடை மருத்துவர் கையெழுத்து இல்லாமல் ஒரு நண்டும் எல்லை தாண்டாது. அந்த மருத்துவர் ட்ரூயின் அம்மாள்தான் கூட்டத் தலைவி.

“டாக்டரம்மா, ஒரே ஒரு கையெழுத்து!”

“தீர்மானம் முடியாம வேற வேலை தொடமாட்டேன். உக்காருப்பா.”

பொரித்த மீன் கடைக்காரர் கிளெமோ திரும்பிப் பார்த்தார். “வெளியேறணும்னு ரெண்டு கையையும் தூக்கினவன் நீதானய்யா? இப்ப ஒரு கையெழுத்துக்கு அலையிறே!”

“நாட்டை வெளியேத்தச் சொன்னேன். நண்டை உள்ள வச்சுப் பூட்டவா சொன்னேன்?”

கை தூக்கச் சொன்னார்கள். நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று. மறுபடி தூக்கினார்கள். அதேதான்.

“சமம்னா தலைவி ஓட்டுத்தான். போடுங்கம்மா!” என்று கூட்டம் கத்தியது.

“நான் நடுநிலை.”

“நீங்க நடுநிலை, நாங்க நடுத்தெரு!” என்றான் டென்சில்.

மணி மூன்றரை. பொறுக்கமாட்டாமல் பெட்டிகளைத் தூக்கிவந்து மேடையில் அடுக்கினான். வழக்கமாக நண்டு பிடித்ததும், கொடுக்கைத் தூக்கிக் கடிக்காதபடி அதன் நரம்பை அறுத்துவிடுவான். அன்று அவசரத்தில் விட்டுவிட்டான். “வழி கேக்கணும்னு சொல்றவங்க கை தூக்குங்க” என்று மூன்றாம் முறையாக அம்மாள் சொன்னதும், சாக்கைத் தள்ளிக்கொண்டு முந்நூறு கொடுக்குகள் எழுந்தன. நண்டுக்கு ஒன்றுதான். இரண்டு தூக்கினால் கள்ள ஓட்டு என்று அவற்றுக்கும் தெரியும்.

“முந்நூத்தி நாப்பத்தொண்ணு” என்று அம்மாள் எழுதிக்கொண்டார்.

“உன்னைவிட உன் நண்டுக்கு விவரம் ஜாஸ்திய்யா!” என்று கிளெமோ தொடையில் தட்டிச் சிரித்தார்.

எப்படியோ முடிந்ததே என்று டென்சில் சான்றிதழை நீட்டினான். அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஓட்டுப் போட்டவங்க இந்த ஊர் ஜனங்க. ஜனங்களைச் சாப்பாட்டுச் சரக்குன்னு நான் எப்படிப்பா எழுதித் தருவேன்?”

“அப்ப அதுங்க ஓட்டு செல்லாதுன்னு சொல்லிடுங்க!”

“சொன்னா மறுபடி சமம். மறுபடி விவாதம்.”

“நான் ஒரு மணி நேரம் பேசணும்” என்று கிளெமோ எழுந்தார்.

மணி மூன்று ஐம்பது. லாரிக்காரன் வெளியே ஹாரன் அடித்தான். டென்சில் பெட்டிகளைப் பார்த்தான். தன் கட்சிக்காரர்களைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, ஈரச் சாக்கைத் தூக்குகிறவன்போல, தன் வலக்கையை நண்டுகளின் பக்கமாக உயர்த்தினான்.

“நண்டு ஓட்டு நீக்கம். நாப்பத்திரண்டு, நாப்பது” என்றார் அம்மாள். கையெழுத்துப் போட்டார். லாரி நான்குக்குக் கிளம்பியது. டென்சிலோடு அன்று யாரும் பேசவில்லை.

அந்த மாதம் முழுவதும் கொரோனா ஊரடங்கு. இங்கிலாந்தில் எந்த மண்டபத்திலும் பொதுக்கூட்டம் நடத்த அனுமதி இல்லை. என் நாக்குதான் இப்போது கொஞ்சம் உப்புக் கரிக்கிறது.