வளையத்துக்குள் வெந்த ரொட்டி

வெர்ல் ஸ்டாடர்டுக்கு அறுபத்தேழு வயதில் கல்யாண ஆசை வந்தது. வந்தால் என்ன, யாருக்கு நஷ்டம்? மனைவி போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். வாய்க்கால் மடை திறந்து மூடும் வேலையிலிருந்து ஓய்வும் பெற்றாயிற்று. ஒரு டிரெய்லர் வீட்டை இழுத்துக்கொண்டு வந்து, தெற்கு ஐடஹோவில் மணல்மேடுகளுக்கு அடியில், ஒரு ஏரிக்கரையில் இருக்கிற மாநிலப் பூங்காவில், கூடாரம் போட வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளராக உட்கார்ந்துவிட்டார். சம்பளம் கிடையாது. டிரெய்லர் நிறுத்த இடமும் மின்சாரமும் ஒரு பச்சைத் தொப்பியும் கொடுத்தார்கள். அந்தத் தொப்பியை மனுஷன் குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவார்.

ஆசை யார்மேல் என்றால், மிரென் உருட்டியாமேல். முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள், அறுபத்தொரு வயது, கல்யாணமே ஆகாதவள். சிரித்தால் பக்கத்துக் கூடாரத்துக்காரர்களும் என்ன ஏது என்று தெரியாமலே சிரிப்பார்கள். அவளுக்கும் வெர்ல்மேல் இஷ்டம்தான். நடுவில் நின்றது ஒரு ரொட்டி.

உருட்டியாக்கள் பாஸ்க் வம்சம். பாட்டன் காலத்தில் ஸ்பெயின் மலையிலிருந்து ஆடு மேய்க்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும் நீண்ட விடுமுறைக்குக் குடும்பத்தோடு இருபது பேர் இந்தப் பூங்காவுக்கு வந்து மூன்று நாள் கூடாரம் போடுவார்கள். ஆட்டுக்காரன் மலையில் குழி வெட்டி, தணல் கொட்டி, வார்ப்பிரும்புச் சட்டியைப் புதைத்து ரொட்டி சுட்டால், முதல் துண்டு நாய்க்குத்தான். நாய் இல்லாவிட்டால் ஆடு இல்லை, ஆடு இல்லாவிட்டால் ரொட்டி ஏது? அந்த வழக்கத்தை இவர்கள் ஒரு படி மேலே கொண்டுபோய்விட்டார்கள். இந்தக் குடும்பத்தில் பெண்ணெடுக்க வருகிறவன் குழியில் ரொட்டி சுட வேண்டும். முதல் துண்டை நாய் தின்றால் அவன் இந்த வீட்டு ஆள். தின்னாவிட்டால் வந்த வழியே போக வேண்டியதுதான்.

விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் மிரெனைக் கேட்டு ஒரு இன்சூரன்ஸ்காரன் வந்தான். அவன் சுட்ட ரொட்டியை அன்றைய நாய் முகர்ந்து பார்த்தது, பிறகு கௌரவமாக மண்ணில் புதைத்துவிட்டுப் போனது. அவன் அன்று சாயங்காலமே காரை எடுத்தான். திரும்பி வரவில்லை.

"நாய் சரியாத்தான் சொல்லிச்சு," என்பாள் மிரென். "எனக்கு நாய் ஒரு பொருட்டில்ல, வெர்ல். ஆனா அண்ணன் உக்காராத மேஜையில நான் உக்கார மாட்டேன். அப்பா அம்மா போனப்புறம் என்னைத் தூக்கி வளத்தவன். அவன் வாயால சரின்னு சொல்லணும்."

அண்ணன் டொமிங்கோவுக்கு எழுபத்திரண்டு வயது. நரைத்த மீசை, மடக்கு நாற்காலி, காலடியில் பெல்ட்சா என்ற கறுப்பு நாய். வெர்லைக் கண்டாலே அவருக்கு ஆகாது. காரணம் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால், வெர்ல் இந்தப் பூங்காவுக்கு வந்த முதல் மாதம், டொமிங்கோ தன் கூடாரத்துப் பக்கத்தில் குழி வெட்டி ரொட்டியைப் புதைத்திருந்தார். வெர்ல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றார்.

"தரையில நெருப்பு போடக் கூடாதுங்க. அடுப்புக்குன்னு போட்டிருக்கற இரும்பு வளையத்துக்குள்ளதான்."

"இது நெருப்பு இல்ல. சமையல்."

"சமையலும் வளையத்துக்குள்ளதாங்க."

"நாப்பது வருஷமா இங்க குழி வெட்டறேன். நீ எப்ப வந்த?"

"போன செவ்வாக்கிழமை," என்றார் வெர்ல், உள்ளதை உள்ளபடி. பிறகு இரண்டு வாளித் தண்ணீரைக் குழியில் ஊற்றினார். ரொட்டி பாதி வெந்திருந்தது. இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டொமிங்கோவின் மானம் போயிற்று. அன்றிலிருந்து அவருக்கு வெர்ல் வெறும் 'ஆபீசர்'. அந்த வெந்தும் வேகாத மாவைத் துணியில் சுற்றிக்கொண்டு மிரென் நேராக டிரெய்லருக்கு வந்து, "கெடுத்தது நீங்க. உங்க அடுப்புலதான் வேகணும்," என்று உள்ளே நுழைந்தாள். அது வேக நாற்பது நிமிஷம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிஷத்தில்தான் எல்லாம் ஆரம்பம்.

இந்த வருஷம் மிரென் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னாள். டொமிங்கோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் ஆள் அனுப்பி வெர்லைக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழமை சுடு. குழியிலதான் வேகணும். உன் டிரெய்லர் அடுப்புல வெந்தா அது பேரு ரொட்டி இல்ல, பன்னு."

வெர்லுக்குப் பயம் வந்தது. ரொட்டிக்குப் பயமில்லை. குளிர்காலம் முழுக்கச் சட்டியும் கரியுமாகப் பழகியிருந்தார். முதல் நாலு ரொட்டியைக் ஏரி வாத்துகூடத் தொடவில்லை, பதினோராவது ரொட்டியை அவரே அழாத குறையாக ரசித்துத் தின்றார். பயம் குழிக்கு. குழி வெட்டினால் தான் மூன்று வருஷமாக ஊராரை வாளியும் கையுமாகத் துரத்திய சட்டத்தைத் தானே மீற வேண்டும். வெட்டாவிட்டால் மிரென் இல்லை. வேறு ஒருவனாக இருந்தால் அதிகாலையில் யாரும் எழுவதற்கு முன்னால் காரியத்தை முடித்திருப்பான். வெர்லுக்கு அந்தச் சாமர்த்தியம் பிறப்பிலேயே கிடையாது.

ஞாயிறு காலையில் வழக்கம்போலப் பாதையில் ஏறிக் கிடந்த மணலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். காற்று தினமும் மேட்டிலிருந்து கொண்டுவந்து கொட்டும், அவர் தினமும் பெருக்கி ஓரமாகக் குவிப்பார். குவியலைப் பார்த்தார். துடைப்பத்தை வைத்துவிட்டு வாளியை எடுத்தார். பதினாலு வாளி மணலை உருட்டியாக்களின் கூடாரத்து இரும்பு வளையத்துக்குள் கொட்டி, முழங்கால் உயரத்துக்குக் குவித்து, நடுவில் கையால் ஒரு பள்ளம் பறித்தார்.

டொமிங்கோ நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"என்ன ஆபீசர், மணல்வீடு கட்டறியா?"

"குழிங்க."

"குழின்னா கீழ போகணும்."

"கீழ போனா சட்டம் இடிக்குது. அதான் பூமிய மேல கொண்டாந்துட்டேன்."

மிரென் காபிக் கோப்பையோடு சிரித்த சிரிப்பில் பாதி காபி தரையில் போயிற்று. டொமிங்கோவின் மீசை ஒரு தடவை அசைந்தது. சிரிப்பு வரவில்லை.

மத்தியானம் மாவு பொங்கிச் சட்டியின் மூடியை ஒரு விரற்கடை தூக்கியது. அதுதான் பக்குவம். வெர்ல் மாவை அமுக்காமல் மூடியைப் பதித்து, பள்ளத்தில் தணலைப் பரப்பி, சட்டியை இறக்கி, மூடிமேலும் தணலைக் கொட்டி, மேலே மணலை இழுத்து மூடினார். எதையும் மறக்கவில்லை என்றுதான் நினைத்தார்.

அப்போது காற்று கிளம்பியது. இந்த ஊரில் மூன்று மணிக்குமேல் காற்று யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஏரிப் பக்கமிருந்து ஒரு பெண்ணின் அலறல். புதிதாக வந்திருந்த இளம் ஜோடி, கூடாரத்து முளைகளை மணலில் நேராகக் குத்திவிட்டு மணல்மேட்டில் சறுக்கப் போயிருந்தார்கள். மணல் எந்த முளையைப் பிடித்து வைத்திருக்கிறது? பையில் மணல் கட்டிப் புதைக்க வேண்டும் என்று வெர்ல் காலையில்தான் சொல்லியிருந்தார். கூடாரம் இப்போது உருண்டு உருண்டு தண்ணீரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

வெர்ல் மணல் குவியலைப் பார்த்தார். ஏரியைப் பார்த்தார். மிரென் பாத்திரம் கழுவப் போயிருந்தாள், மற்றவர்கள் மணல்மேட்டில். இருந்தது டொமிங்கோ ஒருவர்தான்.

"போங்க ஆபீசர்," என்றார் டொமிங்கோ. "சட்டம் கூப்புடுது."

"காத்துல தணல் வெளிய தெரிஞ்சா..."

"நான் என்ன பண்ணணும், குடை பிடிக்கணுமா?"

வெர்ல் ஓடினார். அறுபத்தேழு வயதுக் கால்கள் மணலில் ஓடுவதைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. கூடாரம் தண்ணீரில் இறங்கியது, அவரும் இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு காற்றோடு மல்லுக்கட்டினார். தொப்பி பறந்துபோய் ஏரி நடுவில் விழுந்தது. அந்த ஜோடியையும் சேர்த்துக்கொண்டு கூடாரத்தை இழுத்துக் கரையேற்றி, மணல் பை கட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. கருகியிருக்கும் என்று மனசுக்குள் அழுதுகொண்டே வந்தார்.

குவியல் அவர் விட்டுப்போன மாதிரி இல்லை. சுற்றிலும் மண்வெட்டியால் தட்டி வழவழவென்று பூசியிருந்தது. யாரோ பிள்ளைகள் விளையாடியிருப்பார்கள் என்று நினைத்தார். டொமிங்கோ அதே நாற்காலியில், ஒரு குளிர்ந்த பீர் டப்பாவைக் குடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு மணல்மேட்டைப் பார்த்தபடி இருந்தார். இருபது பேரும் கூடிவிட்டார்கள்.

வெர்ல் மணலை ஒதுக்கினார். தணலுக்கு முன்னால் கையில் தட்டுப்பட்டது ஒரு சாக்கு. கோணிச் சாக்கு, நாலாக மடித்து நனைத்துப் போட்டது, ஓரமெல்லாம் கருகியிருந்தது. அதன் மடிப்புக்குள் கைப்பிடி கைப்பிடியாக மணல் இறங்கிக் கிடந்தது.

அவர் சாக்கு எதுவும் போடவில்லை.

மலைமண் போட்ட இடத்தில் நிற்கும். மணல்மேட்டு மணல் தண்ணீர் மாதிரி, இடுக்கு கிடைத்தால் உள்ளே போகும். நாற்பது வருஷம் இங்கே ரொட்டி புதைத்தவனுக்கு அது தெரியும். டிரெய்லர் வாசலில் வெறும் கரியில் பழகியவனுக்குத் தெரியாது. அந்தச் சாக்கு மட்டும் இல்லாவிட்டால் மூடி விளிம்பு வழியாக மணல் பூராவும் ரொட்டியில்தான் இருந்திருக்கும். வெர்ல் மெதுவாக நிமிர்ந்து பார்த்தார். டொமிங்கோவின் ஆள்காட்டி விரல் சிவந்து கொப்பளித்திருந்தது. அதைத்தான் பீர் டப்பாவில் ஒட்டி வைத்திருந்தார்.

"என்ன பாக்கற?" என்றார் டொமிங்கோ. "ரொட்டிய எடு."

ரொட்டி வந்தது. நல்ல தேன் நிறம், தட்டினால் டொக்கென்று சத்தம். மிரென் ஆட்டுக்காரர் வழக்கப்படி அதைத் திருப்பி அடியில் கத்தியால் ஒரு சிலுவை கீறிக் கொடுத்தாள். வெர்ல் ஒரு துண்டு அறுத்து ஒரு தட்டில் வைத்துத் தரையில் வைத்தார்.

"பெல்ட்சா, வா," என்றாள் மிரென்.

பெல்ட்சா வந்தது. முகர்ந்தது. ஒரு பெருமூச்சு விட்டது. தட்டுக்குப் பக்கத்திலேயே படுத்து, முன்காலில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

மிரென் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள், இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய அதே முகம். இன்சூரன்ஸ்காரன் காரில் ஏறிப் போய்விட்டான், தான் எங்கே போவது என்று வெர்ல் யோசித்தார். டிரெய்லர் நூறு அடி தூரத்தில்தான் இருந்தது.

டொமிங்கோ எழுந்தார். முட்டி இரண்டும் படக்கென்றன. வந்து, நாய்க்கு எதிரே மண்ணில் மண்டியிட்டு, தட்டிலிருந்த துண்டை எடுத்து ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொண்டார். நறநறவென்று கடிபடும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. சாக்குக்குத் தப்பி இரண்டு பருக்கை மணல் எப்படியோ உள்ளே போயிருந்தது. அவர் நிதானமாக மென்றார், விழுங்கினார்.

"இந்த வருஷம் நாய் நான்," என்றார்.

கூட்டத்தில் ஒரு பேத்தி அழ ஆரம்பித்தாள். "நாங்கதான் தாத்தா அதுக்கு சாசேஜ் குடுத்துட்டோம். அஞ்சு."

"ஏழு," என்றார் டொமிங்கோ. "காலையில ரெண்டு நான் போட்டேன்."

"அண்ணா!" என்றாள் மிரென்.

"கத்தாத. காலையில புத்தி வேற." எழுந்திருக்கக் கை நீட்டினார், வெர்ல் பிடித்துத் தூக்கிவிட்டார். டொமிங்கோ கையை விடவில்லை. "மூணு வருஷமா எனக்குன்னுதான் இந்தாளு சட்டம் வச்சிருக்கான்னு நெனச்சேன். தன் கல்யாணத்துக்கே வாளி வாளியா மணல் சுமந்தான் பாரு. அதையும் பாதியில போட்டுட்டு எவனோ ஒருத்தன் கூடாரத்துக்கு ஓடறான். இப்படி ஒரு மடையனுக்கு என் தங்கச்சியக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கறது?"

மிரென் அண்ணனை ஒரு அறை அறைந்தாள், பிறகு கட்டிக்கொண்டாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை. இரண்டு கூடாரம் தள்ளி யாரோ காரணம் தெரியாமல் சிரித்தார்கள்.

வெர்ல் வழக்கம்போலத் தொப்பியைச் சரிசெய்யக் கையைத் தூக்கினார். தலையில் தொப்பி இல்லை. அது ஏரியில் மிதந்துகொண்டிருந்தது. அவருக்கு அது வேண்டும் என்றும் தோன்றவில்லை. சட்டை ஈரம், காலணிக்குள் மணல், கண்ணில் தண்ணீர், அதைத் துடைக்கக்கூட அவருக்கு ஞாபகம் வரவில்லை.

டொமிங்கோ நாற்காலியை மேஜைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, சுட்ட விரலை மறுபடி பீர் டப்பாவில் வைத்துக்கொண்டார். பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளி வெர்லுக்கு விட்டார்.

"உப்பு கம்மி," என்றார். "அந்த வெண்ணெயக் கொஞ்சம் எடு, மாப்ளே."

வெர்ல் வெண்ணெயை எடுத்துக் கொடுத்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.